பிள்ளை, கோச், கோர்ட்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையை டென்னிஸ், நீச்சல், கோல்ஃப், சாக்கர் என்று ஏதாவது ஒன்றில் தீவிரமாக இறக்கிவிட்ட வீடுகள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து நேராக அமெரிக்கக் கல்லூரி அணிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிக்கொண்டே இந்திய டேவிஸ் கோப்பை அணிக்கும் வந்தார். அந்த வழியில் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு வரும் கேள்விகள்தான் இவை. பதில்கள் நடந்த வழக்குகளை வைத்து எழுதியவை. சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் அந்த மாநிலத்து வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் உடம்புக்கும் உயிருக்கும் ஆபத்து என்றால் பெற்றோர் கல்லூரியோடு மோதத்தான் வேண்டும், தயங்கவே கூடாது. ஆடும் நேரம் போதவில்லை என்று மோதினால் பெரும்பாலும் அடிபடுவது பிள்ளைதான்.

ரெக்ரூட்டிங் எப்படி நடக்கிறது?

கல்லூரி கோச்சுகள் பள்ளி மாணவர்களின் ஆட்டத்தைப் பார்த்து, பேசி, தங்கள் அணிக்குச் சேர்ப்பதுதான் ரெக்ரூட்டிங். விதிகளை வகுப்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்பு. அது கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது, டிவிஷன் ஒன்றுதான் மேல்தட்டு. டிவிஷன் ஒன்றில் பல விளையாட்டுகளுக்கு, மாணவர் பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் 15-க்கு அப்புறம்தான் கோச் நேரடியாகப் பேச ஆரம்பிக்கலாம். அதன்பின் கல்லூரிக்கு அழைப்பார்கள், ஆஃபர் வரும், பிள்ளை "வருகிறேன்" என்று சொல்லும். இதை வெர்பல் கமிட்மென்ட் என்பார்கள். இது பெண் பார்த்துவிட்டு "பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரிதான், தட்டு மாற்றும்வரை இரண்டு பக்கமும் விலகலாம். 1964 முதல் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற கடிதத்தில் கையெழுத்திட்டு உறுதிசெய்யும் வழக்கம் இருந்தது. 2024 அக்டோபரில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கல்லூரி தரும் நிதியுதவி ஒப்பந்தம்தான் கணக்கு.

ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் டிவிஷன் மூன்றிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. என்சிஏஏ தானே சொல்லும் கணக்குப்படி, பள்ளியில் ஆடுகிறவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் கல்லூரி விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடைக்கிறது. அது முழுத் தொகையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தனிக் கோச்சிங்குக்குக் கடன் வாங்குவதற்கு முன் இந்த எண்ணை ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

"உங்க பையன்தான் அடுத்த வருஷம் மெயின் பிளேயர்" என்று கோச் சொன்னார். அந்த வாக்கை வைத்து வழக்குப் போடலாமா?

போட்டிருக்கிறார்கள். நியூ ஜெர்சியைச் சேர்ந்த பிரையன் ஃபோர்டே என்ற குவார்ட்டர்பேக்கை (அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்; இங்கே ஃபுட்பால் என்று வருவதெல்லாம் அந்த ஆட்டம்தான், சாக்கர் இல்லை) மயாமி பல்கலைக்கழகம் 1989-ல் சேர்த்தது. அவரை இழுத்தவர் ஜிம்மி ஜான்சன். பையன் வந்து சேர்வதற்குள் ஜான்சன் டாலஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். புது கோச் டென்னிஸ் எரிக்சன் 1991-ல் தேர்ந்தெடுத்தது ஜீனோ டொரெட்டாவை. ஃபோர்டே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். முதல் குவார்ட்டர்பேக் இடம் எனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்து ஏமாற்றினார்கள் என்று 1 கோடி டாலர் கேட்டு மயாமி மீது வழக்குத் தொடர்ந்தார். அது கோர்ட்டுக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. டொரெட்டா 1992-ல், சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையே வாங்கினார். அப்படியிருக்க, கோச் எடுத்த முடிவு தவறு என்று எந்த நீதிபதியிடம் போய் நிரூபிப்பது?

இன்னொரு வழக்கு ஆண்ட்ரூ ஜூலியானியுடையது. நியூயார்க் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானியின் மகன், டியூக் பல்கலைக்கழக கோல்ஃப் வீரர். அவரைச் சேர்த்த கோச் 2007-ல் இறந்துபோனார். அடுத்து வந்தவர் 2008-ல் அணியின் எண்ணிக்கையைக் குறைத்தபோது ஆண்ட்ரூவையும் நீக்கினார். பழைய கோச் தந்த வாக்கும் கல்லூரியின் கையேடுகளும் சேர்ந்தால் ஒப்பந்தம் என்று ஆண்ட்ரூ வாதாடினார். 2010-ல் கோர்ட் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அப்பாவுக்கு எவ்வளவு செல்வாக்கு இருந்தும் அது அங்கே எடுபடவில்லை.

இரண்டு வழக்கிலும் வாக்குக் கொடுத்தவர் இடத்தைவிட்டுப் போய்விட்டார் என்பதைக் கவனியுங்கள். கோச்சுகள் வேலை மாறுவது அங்கே சாதாரணம். அதனால், இந்தக் கோச் இல்லாவிட்டாலும் இந்தக் கல்லூரியில் என் பிள்ளை சந்தோஷமாகப் படிக்குமா என்று கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். முக்கியமான எந்த வாக்கையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். "நேற்றுப் பேசியதை நாங்கள் இப்படிப் புரிந்துகொண்டோம், சரிதானே?" என்று நீங்களே எழுதி அனுப்பினால்கூடப் போதும்.

ஸ்காலர்ஷிப்பைப் பாதியில் நிறுத்த முடியுமா?

பழைய நிலையைத் தெரிந்துகொள்ள 1972-ல் வட கரோலைனா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைப் பார்க்கலாம். கிரெக் டெய்லர் என்ற மாணவர் ஃபுட்பால் ஸ்காலர்ஷிப்பில் வேக் ஃபாரஸ்டில் சேர்ந்தார். ஒப்பந்தத்தில் அவரும் அவர் அப்பாவும் கையெழுத்திட்டிருந்தார்கள். முதல் செமஸ்டரில் மதிப்பெண் சராசரி 1.0-க்கு விழுந்தது. படிப்பைப் பார்க்கிறேன் என்று பயிற்சிக்குப் போவதை நிறுத்தினார். மதிப்பெண் ஏறியது, ஒரு கட்டத்தில் 2.4-க்கே வந்தது. அப்போதும் அவர் மைதானத்துக்குத் திரும்பவில்லை. கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நிறுத்தியது. அப்பாவும் மகனும் சேர்ந்து வழக்குப் போட்டுத் தோற்றார்கள். பணம் ஆடுவதற்காகக் கொடுத்தது, ஆட மறுத்தால் ஒப்பந்தத்தை மீறியது மாணவர்தான் என்றது கோர்ட். படிப்பதற்காக விலகிய பையனுக்கு இப்படி ஒரு முடிவா என்று எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனால் காகிதத்தில் இருந்தது அதுதான்.

1973 முதல் பல ஆண்டுகள் ஸ்காலர்ஷிப் ஓராண்டு ஒப்பந்தமாகவே இருந்தது, கோச் விரும்பினால்தான் புதுப்பிப்பார். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் முதல் டிவிஷன் ஒன்று கல்லூரிகள், ஆட்டம் சரியில்லை என்றோ காயம் என்றோ காரணம் காட்டி உதவித்தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. மாணவர் தானாக விலகினால், படிப்புத் தகுதியை இழந்தால், ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

ஸ்காலர்ஷிப் பத்திரமாக இருந்தும் அணியில் இடம் போகலாம். என்சிஏஏ மீது வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6-ல் ஏற்றார். அதன்படி ஒவ்வொரு விளையாட்டிலும் எத்தனை ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்தது. ஃபுட்பாலில் 105. இதற்குத் தயாராகிறோம் என்று பல கல்லூரிகள் முன்கூட்டியே ஆட்களைக் கழித்துவிட்டன. நீச்சல், ஓட்டம் போன்ற அணிகளில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் அதில் அதிகம் அடிபட்டார்கள். அவர்கள் கோர்ட்டில் ஆட்சேபம் தெரிவித்தார்கள். அப்படி இடமிழந்தவர்களுக்கு ஒரு வழி செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒப்புதல் இல்லை என்று வில்கன் நின்றார். அவர்களைத் திரும்பச் சேர்த்தால் வரம்பில் எண்ணப்பட மாட்டார்கள் என்ற விலக்கு அப்படித்தான் கிடைத்தது. சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை.

என் மகளை ஆட விடாமல் பெஞ்சிலேயே உட்கார வைக்கிறார்கள். வழக்குப் போடலாமா?

வேண்டாம். 2013-ல் நியூ ஜெர்சியில் ஒரு அப்பா, மகனைப் பள்ளி ஓட்டப் பந்தய அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று 4 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டுச் செய்தியானார். பொதுவாக அமெரிக்கக் கோர்ட்டுகள் அணியில் இடம் பெறுவதை உரிமையாகப் பார்ப்பதில்லை, சலுகையாகத்தான் பார்க்கின்றன. யாரை ஆட வைப்பது என்பதில் கோச்சின் முடிவில் கை வைக்க மாட்டார்கள். இன வேறுபாடு, பாலின வேறுபாடு, பாலியல் தொந்தரவு, புகார் சொன்னதற்குப் பழிவாங்கல் என்று வந்தால் கதை வேறு, அவற்றுக்குத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன.

பெற்றோர் கொடுத்த புகாரால் பெரிய கோச் யாராவது வேலை இழந்திருக்கிறார்களா?

மைக் லீச். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச். பத்து ஆண்டுகளில் 84 வெற்றிகள், அந்தக் கல்லூரி அதுவரை காணாத காலம். அவர் அணியில் ஆடம் ஜேம்ஸ் என்ற வீரர் இருந்தார். அப்பா கிரெய்க் ஜேம்ஸ் முன்னாள் என்எஃப்எல் (தொழில்முறை ஃபுட்பால் லீக்) வீரர், அப்போது ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் விமர்சகர்.

2009 டிசம்பரில் ஆடமுக்குத் தலையில் அடிபட்டது, லேசான மூளை அதிர்ச்சி என்று மருத்துவர் சொன்னார். பயிற்சி செய்யக் கூடாது. அடுத்த நாள் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாதாரண உடையில் மைதானத்துக்கு வர, லீச் அவரைச் சாமான்கள் வைக்கும் கொட்டகையில் நிறுத்தி வைக்கச் சொன்னார். இன்னொரு நாள் பேட்டி நடக்கும் அறைக்குப் பக்கத்தில் இருட்டான இடத்தில். அப்பா பல்கலைக்கழக நிர்வாகத்திடம் புகார் செய்தார். வெளிச்சம் படாமல் வைத்தேன், அவ்வளவுதான், மகனுக்கு ஆடும் நேரம் கேட்டு அப்பா எங்கள் உதவி கோச்சுகளைத் தொடர்ந்து நச்சரித்து வந்தவர் என்பது லீச் தரப்பு. மகனின் உடல்நலம்தான் எங்கள் கவலை என்பது ஜேம்ஸ் குடும்பத்தின் தரப்பு.

டிசம்பர் 28-ல் லீச் இடைநீக்கம். ஆலமோ பௌல் ஆட்டத்தில் அணியை நடத்த அனுமதி கேட்டு அவர் கோர்ட்டுக்குப் போனார். 30-ம் தேதி விசாரணை தொடங்க இருந்த நேரத்தில், நீதிமன்றத்திலேயே, பணிநீக்கக் கடிதத்தை அவருடைய வக்கீலிடம் கொடுத்தார்கள். மறுநாள், அதாவது டிசம்பர் 31 அன்று அவர் பதவியில் இருந்திருந்தால் 8 லட்சம் டாலர் போனஸ் வர வேண்டியது. லீச் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டார். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் அதன் மீது இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்ற அரசு விலக்குக் கோட்பாடு குறுக்கே வந்தது. 2012-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. ஈஎஸ்பிஎன் மீது போட்ட அவதூறு வழக்கும் ஜெயிக்கவில்லை. அவர் வாஷிங்டன் ஸ்டேட், மிசிசிப்பி ஸ்டேட் என்று வேறு கல்லூரிகளில் வேலை பார்த்தார், 2022 டிசம்பரில் காலமானார். டெக்சாஸ் டெக் அந்தப் பணத்தைக் கடைசிவரை கொடுக்கவில்லை.

மூளை அதிர்ச்சி கண்ட பையனைக் கொட்டகையில் நிறுத்துவது எந்த விளக்கத்தாலும் சரியாகாது என்று நான் நினைக்கிறேன். அந்தப் புகார் நியாயமானது. ஆனால் அதற்கு முன்னால் ஆடும் நேரம் பற்றிப் பேச்சு நடந்திருந்தது என்ற குற்றச்சாட்டே அந்த நியாயத்தை வருடக்கணக்கில் மங்கவைத்தது. ஆடும் நேரத்துக்காக நீங்கள் இன்று செய்யும் ஒவ்வொரு போனும், நாளைக்கு உண்மையான புகார் கொடுக்கும்போது உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

அப்படியானால் எப்போதுதான் வழக்குப் போட வேண்டும்?

பிள்ளையின் உயிரைக் காப்பதற்கான ஏற்பாட்டை அவர்கள் செய்யாதபோது.

1988 செப்டம்பரில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் கல்லூரியில் லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்து ஆடும் விளையாட்டு) பயிற்சி நடந்துகொண்டிருந்தது. டிரூ கிளைன்கனெக்ட், வயது 20. யாரும் மோதவில்லை, பந்தும் படவில்லை, நின்ற இடத்திலிருந்து சுருண்டு விழுந்தார். இதயத் துடிப்பு நின்றுவிட்டது. மைதானத்தில் விளையாட்டு மருத்துவ உதவியாளர் யாரும் இல்லை. இருந்த கோச்சுகளுக்கு சிபிஆர் என்ற நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முதலுதவியில் தேர்ச்சி இல்லை. போன் இல்லை, வாக்கி டாக்கி இல்லை. கூட ஆடிய மாணவர்கள் உதவி தேடி ஓடினார்கள், அதில் ஒருவர் எட்டடி உயர வேலியில் ஏறிக் குதித்து ஓடினார். டிரூவைக் காப்பாற்ற முடியவில்லை.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட் கல்லூரிக்குப் பொறுப்பு இல்லை என்றது. 1993-ல் மூன்றாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நீங்களாகத் தேடிப் போய், எங்கள் அணிக்கு வா என்று கூப்பிட்டுச் சேர்த்த பையன், கல்லூரியின் பயிற்சியில் இருந்தபோது விழுந்திருக்கிறான், அவசர மருத்துவ ஏற்பாடு செய்து வைக்கும் கடமை உங்களுக்கு உண்டு என்றது. கோச் உங்கள் வீட்டுக்கு வந்து இனிக்க இனிக்கப் பேசும் அதே ரெக்ரூட்டிங்தான் அந்தக் கடமைக்கு அடிப்படையானது. ஒரு அப்பாவும் அம்மாவும் விடாமல் போராடியதால் கிடைத்த தீர்ப்பு இது.

முப்பது ஆண்டு கழித்தும் அதே மாதிரி நடந்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 2018 மே 29. ஃபுட்பால் அணியின் பயிற்சி, 110 கஜ ஓட்டம் திரும்பத் திரும்ப. 19 வயது ஜோர்டன் மெக்நேர் முடியாமல் தள்ளாடினார். வெப்பத் தாக்குதல் வந்தவரை உடனே பனிக்கட்டி நீரில் அமிழ்த்த வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். அதைச் செய்யவில்லை. அறிகுறி தெரிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவசர உதவிக்கான 911-க்கு அழைத்தார்கள். ஜூன் 13-ல் ஜோர்டன் இறந்தார். ஆகஸ்டில் பல்கலைக்கழகத் தலைவர் வாலஸ் லோ பெற்றோரைச் சந்தித்து, சட்டப்படியும் தார்மிகமாகவும் பொறுப்பு எங்களுடையது என்று ஏற்றுக்கொண்டார். அப்படியும் அக்டோபர் 30-ல் தலைமை கோச் டி.ஜே. டர்க்கினைத் திரும்பப் பணியில் சேர்த்தார்கள். எழுந்த கோபத்தில் மறுநாளே அவரை நீக்க வேண்டியதாயிற்று. 2021-ல் குடும்பத்துக்கு 35 லட்சம் டாலர் இழப்பீடு முடிவானது. அதே ஆண்டு மேரிலாந்து மாநிலம் மாணவ வீரர்களின் பாதுகாப்புக்காக ஜோர்டன் பெயரிலேயே ஒரு சட்டம் போட்டது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஜிம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: பயிற்சியின்போது மைதானத்தில் மருத்துவ உதவியாளர் இருப்பாரா, இதயத் துடிப்பை மீட்கும் ஏஇடி கருவி எங்கே இருக்கிறது, ஐஸ் தொட்டி எங்கே, ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் மருத்துவருக்கா கோச்சுக்கா? கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள்.

எங்கள் பையன் ஆட ஆசைப்படுகிறான், கல்லூரி மருத்துவர் இதயத்தில் பிரச்சினை என்று தடுக்கிறார். கட்டாயப்படுத்த முடியுமா?

முடியாது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் நிக்கலஸ் நாப் என்ற பாஸ்கெட்பால் வீரரை இதயக் கோளாறு காரணமாக ஆட விடவில்லை, ஆனால் ஸ்காலர்ஷிப்பைத் தொடர்ந்து கொடுத்தது. அவர் வழக்குப் போட்டார். 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கல்லூரியின் பக்கம் நின்றது. அதுதான் சரி.

பிள்ளைக்குத் தெரியாமல் பெற்றோர் பேரம் பேசினால்?

பிள்ளையின் எதிர்காலமே போகலாம். 2017 செப்டம்பரில் எஃப்பிஐ அம்பலப்படுத்திய பாஸ்கெட்பால் ஊழலில், பிரையன் போவன் என்ற இளைஞர் லூயிவில் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்காக அடிடாஸ் தொடர்புள்ளவர்கள் அவர் அப்பாவுக்கு 1 லட்சம் டாலர் தர ஏற்பாடு செய்தது வெளிவந்தது. அப்பா 2018-ல் மன்ஹாட்டன் கோர்ட்டில் அரசுத் தரப்பு சாட்சியாக நின்று அதைச் சொன்னார். மகன் தனக்கு எதுவும் தெரியாது என்றார். அவர் ஒரு கல்லூரி ஆட்டத்தில்கூட இறங்க முடியவில்லை. அடிடாஸ் மீது போட்ட வழக்கிலும் தோற்றார். தலைமை கோச் ரிக் பிட்டினோவுக்கும் வேலை போனது.

ஃபுட்பால் வீரர் கேம் நியூட்டனுக்கு வேறு விதி. அவருடைய அப்பா மிசிசிப்பி ஸ்டேட்டிடம் பணம் கேட்டிருந்தார் என்று என்சிஏஏ கண்டறிந்தது. மகனுக்குத் தெரிந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2010 டிசம்பரில் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கு ஆட விட்டது. அந்த ஓட்டையைப் பிறகு அடைத்துவிட்டார்கள்.

வார்சிட்டி புளூஸ் என்று சொல்கிறார்களே, அது என்ன?

கல்லூரிச் சேர்க்கை மோசடி ஒன்றை விசாரித்ததற்கு வைத்த பெயர். 2019 மார்ச்சில் பாஸ்டனில் மத்திய அரசு வழக்கறிஞர்கள் 50 பேர் மீது வழக்குத் தொடர்ந்தார்கள், அதில் 33 பேர் பெற்றோர். ரிக் சிங்கர் என்ற கல்லூரி ஆலோசகர் பணம் வாங்கிக்கொண்டு, ஆடவே தெரியாத பிள்ளைகளை விளையாட்டு வீரர் என்று காட்டிச் சேர்த்துவிட்டார், கோச்சுகளுக்கும் பங்கு. நடிகை லோரி லாக்லினும் கணவரும் இரண்டு மகள்களைத் துடுப்புப் படகு வீராங்கனைகள் என்று காட்டி யுஎஸ்சி என்ற தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்க்க 5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். பிள்ளைகள் துடுப்புப் பயிற்சிக் கருவியில் உட்கார்ந்திருக்கும் படத்தைக்கூட எடுத்து அனுப்பினார்கள். அம்மாவுக்கு இரண்டு மாதம், அப்பாவுக்கு ஐந்து மாதம் சிறை. ஜார்ஜ்டவுன் டென்னிஸ் கோச் கோர்டன் எர்ன்ஸ்டுக்கு இரண்டரை ஆண்டு, சிங்கருக்கு மூன்றரை ஆண்டு.

யேல் பெண்கள் சாக்கர் கோச் ஒருவர் வாங்கிய லஞ்சத்தை, வேறொரு வழக்கில் சிக்கிய ஒரு அப்பா அதிகாரிகளிடம் சொன்னதில்தான் இது முழுதும் வெளியே வந்தது. மேல்முறையீட்டில் இரண்டு அப்பாக்களின் முக்கியத் தண்டனைகளை 2023-ல் ரத்து செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு வலிப்பது வேறு. உன்னால் முடியாது என்று பெற்றோரே நினைத்தார்கள் என்பதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் அவர்களில் இருந்திருப்பார்கள்.

இப்போது வீரர்கள் பணம் வாங்குவது சட்டப்படி சரிதானே?

சரிதான். 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்த ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயர், உருவம் இவற்றை வைத்து விளம்பரப் பணம் சம்பாதிக்கலாம், இதைத்தான் என்ஐஎல் என்கிறார்கள். ஹவுஸ் சமரசத்துக்குப் பின் கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு அதிகபட்சம் 2.05 கோடி டாலர். 600 டாலரும் அதற்கு மேலும் உள்ள வெளி ஒப்பந்தங்களைப் பதிவுசெய்ய வேண்டும்.

பணம் வெளிச்சத்துக்கு வந்ததால் வழக்குகளும் கூடிவிட்டன. குவார்ட்டர்பேக் ஜேடன் ரஷாடா, 1.385 கோடி டாலர் வாக்குறுதியை நம்பி மயாமியை விட்டு ஃபுளோரிடாவுக்கு வரச் சம்மதித்ததாகவும், அந்தப் பணம் வரவில்லை என்றும் சொல்லி 2024 மே மாதம் அப்போதைய ஃபுளோரிடா கோச் பில்லி நேப்பியர் உள்ளிட்டோர் மீது வழக்குப் போட்டார். கையெழுத்திட்டால் 10 லட்சம் டாலர் வந்துவிடும் என்று கோச் தன் அப்பாவிடமே சொன்னார் என்பது அவருடைய குற்றச்சாட்டு, எதிர்த்தரப்பு அதை மறுத்தது. பதினெட்டு வயதுப் பிள்ளை போடும் எந்தப் பண ஒப்பந்தத்தையும் அந்தக் கல்லூரிக்கோ ஏஜென்டுக்கோ வேலை செய்யாத ஒரு வக்கீல் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது.

இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகும் பிள்ளைகளுக்குத் தனி எச்சரிக்கை. அந்த விசாவில் வேலை செய்ய இருக்கும் கட்டுப்பாடு என்ஐஎல் பணத்துக்கும் குறுக்கே நிற்கும். கூட ஆடும் அமெரிக்கப் பிள்ளை செய்கிறானே என்று இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்குப் பணம் வாங்கிவிடாதீர்கள். முதலில் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் கேளுங்கள்.

நாங்கள் ஊக்கப்படுத்துகிறோமா, அழுத்தம் கொடுக்கிறோமா? எப்படித் தெரியும்?

டாட் மரினோவிச்சைத் தொட்டிலிலிருந்தே குவார்ட்டர்பேக்காக வளர்த்தார் அவர் அப்பா மார்வ். சாப்பாடு, தூக்கம், உடற்பயிற்சி எல்லாம் அளந்துதான். பையன் யுஎஸ்சிக்கு ஆடினான், 1990 கடைசியில் மைதான ஓரத்தில் கோச்சோடு கத்திச் சண்டை போட்டதை நாடே டிவியில் பார்த்தது. அடுத்த மாதமே போதைப்பொருள் வழக்கில் கைது. என்எஃப்எல்லில் இரண்டு சீசனுக்கு மேல் நிலைக்கவில்லை.

அந்த அளவுக்கு நம்மில் யாரும் போவதில்லை என்று சொல்லலாம். ஆனால் ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் நாம் முதலில் பேசுவது எதைப் பற்றி? பிள்ளை தோற்ற நாளில் வீட்டில் எல்லோருடைய குரலும் மாறுகிறதா? "உனக்காக எவ்வளவு செலவு பண்ணியிருக்கோம் தெரியுமா" என்ற வாக்கியம் எத்தனை முறை வந்திருக்கிறது? காயத்தைப் பிள்ளை உங்களிடம் மறைக்க ஆரம்பித்துவிட்டால், அதை அழுத்தம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் மார்க்குக்குச் செய்ததையே மைதானத்திலும் செய்கிறோம். பிள்ளைக்கு ஒதுங்க இருந்த ஒரே இடத்தையும் அது பறித்துவிடுகிறது.

கல்லூரி கோச்சிடம் பெற்றோர் நேரடியாகப் பேசலாமா?

ரெக்ரூட்டிங் சமயத்தில் பேசலாம், பேச வேண்டும். சேர்ந்த பிறகு ஆட்டம் பற்றிப் பிள்ளைதான் பேச வேண்டும். அமெரிக்கப் பள்ளி, கிளப் அணிகளில் 24 மணி நேர விதி என்று ஒரு பழக்கம் உண்டு, ஆட்டம் முடிந்து ஒரு நாள் போகும்வரை கோச்சை எதுவும் கேட்கக் கூடாது. கோபம் ஆறட்டும் என்பதற்காகத்தான். கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவரின் பதிவேடுகள் மீதான உரிமை 1974-ன் ஃபெர்பா சட்டப்படி மாணவருக்கே போய்விடுகிறது. மருத்துவத் தகவலும் அப்படியே. அதனால் சேரும்போதே, அவசரத்தில் பெற்றோரிடம் சொல்லலாம் என்று பிள்ளையிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

வக்கீலைப் பார்க்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

ஒப்பந்தம், மின்னஞ்சல், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் தேதிவாரியாக எடுத்து வையுங்கள். தலையில் அடி, மயக்கம் என்றால் கல்லூரிக்கு வெளியே உள்ள மருத்துவரிடமும் காட்டிச் சீட்டு வாங்குங்கள். கல்லூரி அரசுடையதா தனியாருடையதா என்று பாருங்கள், லீச்சுக்கு நடந்தது நினைவிருக்கட்டும். அரசுக் கல்லூரி என்றால் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டிய காலக்கெடு சில மாநிலங்களில் மிகக் குறைவு. பழைய, இன்றைய அணி வீரர்களின் பெற்றோரிடம் பேசுங்கள். ஒரு குடும்பத்தின் புகார் மனக்கசப்பு என்று ஒதுக்கப்படும், நான்கு குடும்பத்தின் புகாரை ஒதுக்க முடியாது.

பிள்ளை விளையாட்டையே விட்டுவிடுகிறேன் என்கிறது. ஸ்காலர்ஷிப் போய்விடுமே?

தானாக விலகினால் கல்லூரி உதவித்தொகையை நிறுத்தலாம், விதி அதை அனுமதிக்கிறது. அதனால் விலகுகிறேன் என்று எந்தப் படிவத்திலும் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். காரணம் காயமோ மன அழுத்தமோ என்றால் மருத்துவச் சான்று வாங்கி, அந்தக் காரணத்தை எழுத்தில் கொடுத்து, உதவித்தொகை தொடருமா என்று நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள். டிவிஷன் ஒன்றில் விளையாட்டுக் காயத்துக்கான மருத்துவச் செலவை, கல்லூரியை விட்டபின் இரண்டு ஆண்டுகளுக்காவது அவர்களே ஏற்க வேண்டும், அதையும் கேட்டு வாங்குங்கள். உதவித்தொகையை நிறுத்துகிறோம் என்று கடிதம் வந்தால், விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள ஒரு குழுவிடம் முறையிடும் உரிமை மாணவருக்கு உண்டு. அதற்குக் கடைசி நாள் அந்தக் கடிதத்திலேயே இருக்கும்.